சாவித் துவாரத்துச் சந்தனம்

நேற்று உச்சிப்புளியில் என் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்கு ஒரு பழைய டிராக்டர் வந்தது. சாவி போடும் சுவிட்சைக் கழற்றிப் பிரித்தேன். உள்ளே இருந்து சந்தன வாசனை வந்தது. சிரித்துவிட்டேன்.

ஆயுத பூஜைக்கு எங்கள் பக்கத்தில் வண்டியில் பொட்டு வைக்காத இடம் கிடையாது. விளக்கு, ஸ்டீயரிங், கடைசியில் சாவித் துவாரம். சந்தனம் உள்ளே இறங்கி இறுகினால் சாவி திரும்பும், எஞ்சினைச் சுழற்றிவிடும் ஸ்டார்ட்டருக்குக் கரண்டு போய்ச் சேராது. மிச்சத்தைக் கடல் காற்றின் உப்பு பார்த்துக்கொள்ளும். கடலாடியில் தொழிலுக்கு வந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. ஆனால் இடுப்பில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

அங்கே பேச்சியக்கா சொந்த டிராக்டரைத் தானே ஓட்டி, ஊருக்கெல்லாம் உழுது கொடுப்பார். ஒரு வருஷம் பூஜைக்கு மறுநாள் வண்டி கிளம்பவில்லை. நான்கு பேர் புழுதியில் விதையைத் தூவிவிட்டுக் காத்திருந்தார்கள். அக்காவும் தன் மூன்று ஏக்கரில் தூவியிருந்தார். மழைக்கு முன் உழுது மூட வேண்டும். மழை விழுந்துவிட்டால் கரிசலில் டிராக்டர் இறங்காது.

“தம்பி, சாவி ஓட்டைல நேத்து சந்தனம் அப்புனேன். அதுனால இருக்குமோ?”

“சந்தனம் என்னக்கா செய்யும்? ஸ்டார்ட்டர் போச்சு. நான் பாத்துக்கிறேன்.”

ஸ்டார்ட்டரைக் கழற்றி, துடைத்து, மாட்டி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. வண்டி அசையவில்லை. அக்கா எனக்கு டீ வாங்கப் போன நேரத்தில் சுவிட்சின் பின்னால் இரண்டு ஒயரைத் தொட வைத்தேன். உறுமிக்கொண்டு கிளம்பியது; கோளாறு சுவிட்சில் மட்டும்தான். புது சுவிட்ச் மாட்டப் பத்தே நிமிஷம்.

“ஸ்டார்ட்டர், சுவிட்சு ரெண்டும் போயிருந்துச்சுக்கா” என்றேன், கொஞ்சமும் கூசாமல்.

அக்கா ஊரார் நிலத்தை முதலில் உழுதார். தன் நிலத்துக்கு வண்டியைத் திருப்பும்போது வானம் கொட்டிவிட்டது. அவர் தூவிய விதை மண்ணுக்குள் போகாமல் தண்ணீரோடு ஓடியது.

“நாலு பேரு வெள்ளாமையக் காப்பாத்துனது இந்தத் தம்பிதான்” என்று சந்தையில் என்னைக் கைகாட்டினார். அதிலிருந்து எனக்கு வேலை குவிந்தது.

இன்று எந்த வண்டிச் சுவிட்சையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவேன். தொழிலில் என்னை ஒருவரும் குறை சொல்ல முடியாது. அக்காவின் டிராக்டரைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. மூன்று ஏக்கரிலும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அக்கா போன மாசியில் இறந்துபோனார். அந்த அரை நாள் என்னால்தான் வீணானது என்று சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்.