நெரிசலைப் பார்க்க வந்தவர்கள்

எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பத்துக் கட்டிலும் இன்னொரு டாக்டரும் வராமல் போனதற்கு யாராவது அரசாங்கத்தைத் திட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அரசாங்கம் கொடுக்கத்தான் வந்தது. காரில் வந்து இறங்கி, உள்ளே வந்து, கேட்டும் பார்த்தது. வேண்டாம் என்று அனுப்பி வைத்தவர்கள் நாங்கள். அதிலும் வாயைத் திறந்து சொன்னவள் நான்.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ இருக்கும். நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சின்ன அரசு மருத்துவமனையில், அவசரப் பிரிவில் நர்ஸாக இருந்தேன். அவசரப் பிரிவு என்றால் ஒரு அறை, நாலு கட்டில், ஒரு டாக்டர். சுற்றிலும் ஏரியும் வயலுமாக இருந்த காலத்துக்கு அது தாராளம். பிறகு சுங்குவார்சத்திரம் பக்கமும் ஒரகடம் பக்கமும் கம்பெனிகள் முளைத்தன. தெற்கத்திப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். மெஷினில் விரலைக் கொடுத்தவன், லாரியில் அடிபட்டவன், இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்து லைனிலேயே மயங்கி விழுந்தவள், எல்லாரையும் ஷேர் ஆட்டோவில் போட்டு எங்களிடம் கொண்டு வருவார்கள். கட்டில் மட்டும் அதே நாலு. ஒவ்வொன்றிலும் தலைமாடு கால்மாடாக இரண்டு பேர், மிச்சப் பேர் தரையில். குனிந்து குனிந்து ஊசி போட்டே என் இடுப்பு போய்விட்டது.

அப்போதுதான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. அவசரப் பிரிவில் நெரிசலைக் குறைக்க அரசு பணம் ஒதுக்கியிருக்கிறது, அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பார்கள், எங்கே கூட்டம் தாங்க முடியவில்லையோ அந்த இடத்துக்குப் பத்துக் கட்டிலும் இன்னொரு டாக்டரும் கொடுப்பார்கள். எங்கள் டாக்டர் அதைச் சத்தமாகப் படித்தார். எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. எங்களைவிடத் தகுதியான இடம் எது?

படித்து முடித்துக் காகிதத்தை மடித்துக்கொண்டே அவர் சொன்னார். "வெள்ளிக்கிழமை வராங்க. தரையில ஒரு ஆள் இருக்கக் கூடாது."

"சார், கூட்டத்தைப் பாக்கத்தானே வராங்க?"

"அதுக்காக இப்படியே காட்டுவாங்களா? மெட்ராஸ்லேருந்து ஆபீசர் வராங்கம்மா."

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்த்துவிட்டு மூன்று மணிக்குச் சாப்பிடுகிறவர். ஆனால் அதிகாரி வருகிறார் என்றால் எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பிளீச்சிங் பவுடரில் கோடு போடுவது, பீரோவில் பூட்டி வைத்த பச்சை விரிப்பை மடிப்புக் கலையாமல் விரிப்பது, நோயாளிகளைக் கண்ணில் படாமல் அப்புறப்படுத்துவது. மூன்று நாள் தலைகீழாக நின்று பார்த்தேன், அவர் மசியவில்லை. தரையைத் தேய்த்துக்கொண்டிருந்த ஆயாம்மாவே கேட்டார், "இன்னாம்மா, பொண்ணு பாக்கவா வராங்கோ?"

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே ஒரு ஹாஸ்டலிலிருந்து எட்டுப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள், எல்லாருமே தூத்துக்குடிப் பக்கம். கெட்டுப்போன சாம்பாரைச் சாப்பிட்டு ஒரே வாந்தி, பேதி. கட்டிலுக்கு இரண்டு பேராகப் போட்டு எட்டுப் பேருக்கும் டிரிப் ஏற்றினேன். இதைவிட நல்ல நாள் வாய்க்காது என்று உள்ளுக்குள் நினைத்ததையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது மணிக்கு வந்த டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "பின்னாடி சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கொண்டு போங்க. ஒரு மணி நேரந்தான்."

"டிரிப் ஓடுது சார்!"

"பாட்டிலோட தூக்குங்க!"

கத்தினேன், கெஞ்சினேன். கடைசியில் தூக்கிக்கொண்டு போனதும் நான்தான். எட்டுப் பேரில் ஒருத்தி மிகவும் துவண்டிருந்தாள். அவளுடைய அறைத்தோழி, அந்தச் சாம்பாரைச் சாப்பிடாமல் தப்பித்தவள், பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள்.

"எக்கா, இவளுக்கு நிக்கவே முடியல. எங்கக்கா கொண்டு போறிய?"

"கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. கட்டில் குடுக்கத்தான் ஆபீசருங்க வராங்க. நான் கேட்டு வாங்கிடறேன். அதுவரைக்கும் சத்தம் போடாம இருங்க, முன்பக்கம் வராதீங்க."

ஸ்டாண்டின் இரும்புக் குழாயில் பேண்டேஜ் துணியால் பாட்டில்களைக் கட்டித் தொங்கவிட்டேன். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கீழே சிமெண்டுத் தரை.

பதினோரு மணிக்கு ஒரு பெண் அதிகாரியும் அளக்கிற டேப்போடு ஒரு இன்ஜினியரும் வந்தார்கள். அந்த அம்மாள் ஒப்புக்கு வந்தவர் இல்லை. நாலு கட்டிலில், அதற்குப் பிறகு வந்த இரண்டு பேர் மட்டும் படுத்திருந்ததைப் பார்த்தார். பதிவேட்டைப் புரட்டினார். "இவ்வளவு பேர் என்ட்ரி ஆயிருக்கு, எல்லாரும் எங்க?"

"உடனுக்குடனே பாத்து அனுப்பிடறோம் மேடம்" என்றார் டாக்டர்.

அந்த அம்மாளுக்குத் திருப்தியில்லை. என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சிஸ்டர். தரையில படுக்க வைக்க வேண்டி வருதா?"

அந்தக் கேள்விக்குத்தான் மூன்று நாளாகப் பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் பதில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'ஆமாம் மேடம், பின்னாடி வாங்க, காட்டறேன்.' அவ்வளவுதான் சொல்ல வேண்டியது.

"சேச்சே, அதெல்லாம் இல்ல மேடம்" என்றேன்.

டாக்டர் என்னை முறைக்கவில்லை, அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருடப் பழக்கம். அதிகாரி குறை கேட்டால் இல்லை என்று சொல்லியே வளர்ந்த நாக்கு.

"ஒரே கட்டில்ல ரெண்டு பேர்?"

"நம்ம ஆஸ்பத்திரியில அப்படிக் கிடையாது மேடம்."

சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாக வேறு இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். "ரொம்ப நீட்டா வச்சிருக்கீங்க. நெஜமாவே கஷ்டப்படற இடம் நெறைய இருக்கு. அங்க குடுத்துடலாம்."

டாக்டர் முகம் மலர்ந்து இளநீர் வரவழைத்தார். அதை அவர்கள் குடித்து முடிக்கும் வரை நேரம் இருந்தது, கார் கதவைச் சாத்தும் வரைகூட இருந்தது. என் வாயில் கொழுக்கட்டையா இருந்தது? ஸ்ட்ரா எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

கார் கேட்டைத் தாண்டியதும் பின்பக்கம் ஓடினேன். வெயில் கூரைக்குள் ஏறியிருந்தது. துவண்டு கிடந்தவளின் பாட்டில் காலியாகி, ரத்தம் குழாயில் பாதி தூரம் ஏறி வந்திருந்தது. தோழி அந்தக் குழாயை இரண்டு விரலால் மடக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, கூப்பிட வேணாமா?" என்று அவளிடமே எரிந்து விழுந்தேன்.

"நீங்கதானக்கா சத்தம் போடாதன்னு சொன்னிய. நான் சத்தம் போட்டு, அவிய கட்டில் தராமப் போயிட்டா?"

குழாயை வாங்கி வேறு பாட்டிலில் மாற்றினேன். நிமிர்ந்து அவளைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"கேட்டியளாக்கா? எத்தன கட்டில் தாராவளாம்?"

"பத்து" என்றேன்.

அவள் தோழியின் கன்னத்தைத் தட்டி, "ஏட்டி, கேட்டியா? பத்துக் கட்டிலாம்" என்றாள்.