மணி கட்டிய இடக் கை

என் மகள் எதற்கும் இடக் கையை நீட்டுகிற பிள்ளை. பால் கிண்ணத்தைப் பிடிக்கத் தொடங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். வளர வளரச் சரியாகிவிடும் என்று நாங்களும் சும்மா இருந்தோம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று ஊர் எங்களுக்கு எடுத்துச் சொல்லும்வரை அந்தப் பழமொழி எங்கள் ஞாபகத்துக்கே வரவில்லை.

ஊர் எடுத்துச் சொன்னது அம்பிட்டியக் கோயிலில், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில். எல்லோரும் சிலுவை அடையாளம் போட்டபோது இவள் இடக் கையால் போட்டாள். முன்னால் இருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். அவர் பார்ப்பதைக் கண்டு இன்னும் நாலு பேர் திரும்பினார்கள். என் மனைவியின் முகம் சுண்டிப்போயிற்று. கோயிலை விட்டு மேட்டில் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"அடுத்த வருஷம் இவ கோயில்ல முதல் நன்மை அப்பம் வாங்கணும். பீச்சாங்கையால சிலுவை போடுற பிள்ளைய சாமியார் முன்னால எப்படிங்க நிறுத்துறது? நாளைக்கு ஒரு வீட்டுக்கு வாழப் போனா, பீச்சாங்கையாலயா சோறு போடுவா?"

அதற்கு வழியையும் அவளே கண்டுபிடித்தாள். அக்குறணைக் கடையில் எப்போதோ வாங்கி வைத்திருந்த ஒரு சின்னப் பித்தளை மணியைக் கறுப்பு நூலில் கோத்து, பிள்ளையின் இடது மணிக்கட்டில் கட்டிவிட்டாள். அடுப்படியில் நின்றாலும் அந்தச் சத்தம் கேட்கும். மணி கிணுங்கினால், "ஏய், கை!" என்று உள்ளேயிருந்து குரல் வரும். முதலில் நாள் முழுக்க மணியும் குரலுமாகத்தான் வீடு இருந்தது. பிறகு மெல்ல மெல்ல மணிச் சத்தம் குறைந்து, ஒரேயடியாக நின்றுவிட்டது.

"பாத்தீங்களா?" என்றாள் மனைவி, ஏதோ கோட்டையைப் பிடித்தவள் மாதிரி.

நான் பார்த்தது வேறு. பிள்ளை அந்தக் கையை விலாவோடு ஒட்டவைத்துக்கொண்டு நடந்தாள். ஓடும்போதும் இடுப்பில் ஒரு குடம் இருப்பதுபோலச் சாய்ந்து ஓடினாள். பிறகு ஓடுவதையும் விட்டுவிட்டாள். கதிரையில் ஏறி அலுமாரியைத் துழாவுகிற குரங்குக்குட்டி, இப்போது எது வேண்டுமென்றாலும், "அண்ணன் எடுத்துத் தரட்டும்" என்று உட்கார்ந்திருந்தாள். வலக் கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, இடக் கைக்கு அனுமதி இல்லை. ஆறு வயதுப் பிள்ளை இப்படி ஒரு கையையே மறந்துபோனால் பெற்றவனுக்குப் பயம் வராதா? அந்தக் கை அப்படியே சூம்பிப்போய்விடுமோ என்று நான் உண்மையிலேயே பயந்தேன். மனைவியிடம் சொன்னபோது, "இப்பத்தான் கொஞ்சம் அடக்கம் வந்திருக்கு. அதையும் கெடுத்திராதீங்க" என்றாள்.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது. அப்போது அம்பிட்டியவுக்கு மேலே ஒரு கொக்கோத் தோட்டத்தில் நான் கிளாக்கராக இருந்தேன். எங்கள் வெள்ளைக்காரத் துரைக்குக் கோல்ப் பைத்தியம். பங்களாவுக்குக் கீழே இருந்த புல்சரிவில் சில குழிகளைத் தோண்டி, ஒவ்வொன்றிலும் ஒரு தகர டின்னைப் புதைத்து, தனக்கென்று ஒரு மைதானமே செய்து வைத்திருந்தார். துரை ஏன் வெயிலில் நின்று புல்லை அடிக்கிறார் என்று தோட்டத்துச் சனங்களுக்கு விளங்கவேயில்லை. கண்டியிலிருந்து வரவேண்டிய சிநேகிதர்கள் மழையைச் சாக்குச் சொல்லி வராமல் விட்டால், அவர் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார். "கிளாக்கர், வா, அடி" என்பார். தோட்டத்து ஆட்களிடம் கற்ற தமிழ் அது. அதில் எல்லோருமே 'நீ'தான், நான் என்ன விலக்கா?

அப்படித்தான் நானும் கற்றேன். மட்டையைப் பிடிக்க அவர் சொல்லித்தந்த பாடம் இவ்வளவுதான்: "எடது கை மேலே. அவன் தொரை. வலது கை கீழே. அவன் கணக்கப்பிள்ளை. தொரை போற பக்கம் கணக்கப்பிள்ளை போறான். சரியா?"

தோட்டத்தில் உண்மையில் யார் போகிற பக்கம் யார் போகிறார் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஆனால் மட்டையைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான். சாதாரணமாக வலது கைக்காரர் பிடிக்கிற பிடியிலேயே இடக் கைதான் மேலே இருந்து மட்டையை நடத்துகிறது.

சனிக்கிழமை பின்னேரங்களில் துரை கண்டிக்குப் போய்விடுவார். பிள்ளைகளோடு அந்த நேரத்தில் விளையாடிக்கொள்ளச் சொல்லி, மரக்காம்பு கீறிப்போன ஒரு பழைய மட்டையையும் தந்தார். கீறலுக்குக் கீழே நல்லதாக இருந்த பாகத்தை வைத்துக்கொண்டு மேலே அறுத்துவிட்டு, பிடியில் மனைவியின் கிழிந்த சேலைத் துண்டைச் சுற்றி, எட்டு வயது மகனின் உயரத்துக்கு ஆக்கினேன். மகனுக்காகத்தான் செய்தேன். மகள் பந்து பொறுக்கித் தருவதாகச் சொல்லிக் கூடவே வந்தாள்.

மகனுக்குப் பொறுமை கிடையாது. பந்தை வைக்க ஈர மண்ணைக் கொழுக்கட்டை மாதிரிப் பிடித்து வைக்கவேண்டும். அதைப் பிடிப்பதற்குள்ளேயே மட்டையை ஓங்கிவிடுவான். ஒரே அடியில் பந்து பேராதனைக்குப் போகவேண்டும் என்று அவனுக்கு ஆசை. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. புல்தான் பறந்தது.

"தோட்டத்துல மண்ணைக் கிளறுற முள்ளுக் குத்துக்கு ஆள் எடுக்கிறாங்களாம், பேர் குடுக்கட்டுமா?" என்றேன். அவன் மட்டையைப் போட்டுவிட்டு ரோஷத்தோடு மரத்தடியில் போய் உட்கார்ந்தான்.

மகள் மெல்ல வந்து மட்டையைத் தொட்டாள். "நான் அடிக்கட்டாப்பா?"

வலக் கையால் மட்டும் தூக்கினாள். இரும்புத் தலை தரையில் இழுபட்டது. "மத்தக் கையையும் வை. அது மேல வரணும்" என்றேன். சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது என்னவென்று எனக்கே உறைத்தது. அவள் சரிவுக்கு மேலே தெரிந்த எங்கள் வீட்டைப் பார்த்தாள்.

"மணி அடிக்கும்பா."

"அடிக்கட்டும்."

முதல் வீச்சு காற்றில் போயிற்று. மணி கிணுங்கியது. அவள் உடனே கையை விலாவோடு ஒட்டிக்கொண்டாள். "இன்னொரு தடவை" என்றேன். அதுவும் தவறியது. அடுத்த வீச்சில் டக்கென்று ஒரு சத்தம், பந்து ஒழுங்காகக் கிளம்பி, அண்ணன் உட்கார்ந்திருந்த மரத்தையும் தாண்டிப் போயிற்று. மகன் வாயைப் பிளந்தான். என் நெஞ்சு நிறைந்துபோயிற்று. இடக் கை மறந்துபோகவில்லை. இவ்வளவு நாளும் விலாவோடு ஒட்டிக்கொண்டு காத்திருந்திருக்கிறது.

அதற்குள் வீட்டுக்காரி வந்துவிட்டாள். மணிச் சத்தம் அடுப்படிவரை போயிருக்கிறது. அகப்பையோடு சரிவில் இறங்கி வந்தாள்.

"என்னங்க நடக்குது இங்க? நான் கட்டிக் காத்து வச்சிருக்கிற பிள்ளைய இப்படியா கெடுப்பீங்க?"

"வெளையாட்டே அப்படித்தான். தொரையே இடது கையைத்தான் மேல வைக்கிறாரு."

"தொரைக்கு என்னங்க! அவரு காகிதத்தால தொடைக்கிறவரு. அவருக்கு எந்தக் கையும் ஒண்ணுதான்!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மகன் புல்லில் விழுந்து புரண்டான். மகள் மட்டும் சிரிக்கவில்லை. கை மறுபடியும் விலாவுக்குப் போயிருந்தது. அதைப் பார்த்ததும் என் சிரிப்பும் அடங்கிவிட்டது.

"சரி, நீயே வலது கையால மட்டும் ஒரு தடவை அடிச்சுக் காட்டு. அப்புறம் நீ சொல்றதக் கேக்குறோம்" என்றேன்.

என் மனைவி சவாலுக்குப் பின்வாங்குகிறவள் அல்ல. அகப்பையை என்னிடம் தந்தாள், முந்தானையை இடுப்பில் செருகினாள், ஒற்றைக் கையால் ஓங்கினாள். மட்டை கைக்குள் திரும்பிக்கொண்டு பந்தின் மேலால் போயிற்று. இன்னொரு தரமும் அப்படியே.

"அம்மா, மத்தக் கையும் வேணும்" என்று பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது. "அது மேல."

அவள் திரும்பி மகளைப் பார்த்தாள். பிறகு இடக் கையை மேலே வைத்து அடித்தாள். பெரிய அடியெல்லாம் இல்லை. பந்து உருண்டு, சரிவில் வேகம் பிடித்து, கீழே மழைத்தண்ணீர் ஓடும் கானில் விழுந்தது. "நான் எடுக்கிறேன்!" என்று மகள் பாய்ந்தாள். இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஓடினாள். கான் வரைக்கும் மணி கிணுகிணுவென்று அடித்துக்கொண்டே போயிற்று.

என் மனைவி, "ஏய், கை!" என்று கத்தவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இவ இப்படி ஓடி எவ்வளவு நாளாச்சு?" என்றாள்.

"மணி கட்டின பொறகு இன்னைக்குத்தான்."

பிள்ளை பந்தோடு மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். அம்மாவைக் கண்டதும் பந்தை அவசரமாக வலக் கைக்கு மாற்றினாள். மனைவி அந்த இடக் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். அடிக்கத்தான் போகிறாள் என்று நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அவள் குனிந்து, இறுகிப்போயிருந்த முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"சிலுவை போடுறது வலது கையால. சாப்பிடுறது வலது கையால. ஒருத்தருக்கு ஒண்ணு குடுத்தா அதுவும் வலது கையால. மத்த வேலைக்கு இது ஒன்னோட கை. வெளங்குதா?"

பிள்ளை தலையாட்டினாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஆனாலும் முழுதாக மூச்சு விடவில்லை. அந்தக் கை கொஞ்ச நாள் வீட்டுக்குள் விலாவோடுதான் இருந்தது. மைதானத்தில் மட்டும் அவிழும்.

பிறகு ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தோம். "கொஞ்சம் தண்ணி கொண்டாம்மா" என்றாள் மனைவி. மகள் ஓடிப்போய்க் கோப்பையை நிரப்பிக்கொண்டு வந்து அம்மாவிடம் நீட்டினாள். இடக் கையால்.

அவளுக்குத் தெரியவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது. மகன், "அம்மா, பீச்..." என்று வாயெடுத்தான். நான் அவன் காலை மிதித்தேன்.

மனைவி கோப்பையைப் பார்த்தாள், அதைச் சுற்றியிருந்த சின்ன விரல்களைப் பார்த்தாள். பிறகு வாங்கி, அண்ணாந்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

"இன்னுங் கொஞ்சம் கொண்டா" என்று கோப்பையை நீட்டினாள், அந்த இடக் கையிடமே.