நிறுத்தக் கூடாத டிஸ்க்

எங்கள் கட்டடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காது என்றுதான் சொல்வோம். பழுதான ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்தால், கரண்ட் கொடுத்துக் காதோரம் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். உள்ளே தட்டு சுற்றும் சத்தத்தை வைத்தே அது பிழைக்குமா என்று சொல்லிவிடுவார்.

மாடிப்படிக்கு அடியில் அவர் கடை. ஜன்னல் கிடையாது. உட்கார்ந்தால் முழங்கால் மேசையில் இடிக்கும். எழுந்தால் தலை படிக்கட்டில் இடிக்கும். பதினொரு வருடம் இந்த இரண்டு இடிக்கும் நடுவில் இருந்து பழகியதில், தெருவில் நடக்கும்போதும் சற்றுக் குனிந்தே நடப்பார்.

அந்தச் சனிக்கிழமையோடு கடையைக் காலி செய்வதாக இருந்தது. அவர் மனைவி நர்ஸ். தொலைவில் ஒரு ஊருக்கு மாற்றல் வந்திருந்தது. இதற்கு முன் இரண்டு முறை ஊர் மாறும் பேச்சு வந்து, இரண்டு முறையும் "கையில ஒரு டிஸ்க் இருக்கு" என்று அவர் தள்ளிப்போட, அந்த அம்மா தனியாகப் போய் வேலை பார்த்துத் திரும்பியிருக்கிறார்.

"நாலு மணி பஸ்ஸு. ரெண்டு சீட்டு போட்டிருக்கேன்" என்று அன்று காலையில் சொன்னாராம். "இந்தத் தடவையும் வரலேன்னா, இனிமே கூப்பிட மாட்டேங்க."

"கோவமா சொல்லியிருந்தா பரவாயில்ல, சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டா" என்று பக்கத்துக் கடைத் தையல்காரரிடம் சொல்லிக்கொண்டே, ஸ்க்ரூ டிரைவர்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஒரு டீச்சர் வந்தார். கையில் துண்டில் சுற்றிய டிஸ்க்.

பார்வையில்லாத பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் வேலை. பாடப் புத்தகங்களை எல்லாம் நான்கு வருடமாகத் தன் குரலில் வாசித்துப் பதிவு செய்திருந்தார். ஒன்பது பிள்ளைகளுக்குப் பதினொரு நாளில் பரீட்சை. முந்தாநாள் மேசையிலிருந்து டிஸ்க் விழுந்துவிட்டது.

"விழுந்ததுக்கு அப்புறம் எத்தனை தடவை போட்டுப் பார்த்தீங்க?"

"ஒரு... பதினஞ்சு தடவை இருக்கும் சார்."

காது டிஸ்க்கை வாங்கித் துண்டைப் பிரித்தார். "பேக்கப் எடுத்து வச்சிருக்கீங்களா?"

"அதெல்லாம் வச்சிருக்கேன் சார். வருஷா வருஷம் எடுத்துடுவேன்."

அவர் முகம் தெளிந்தது. "எதுல?"

"இதுலயேதான். பேக்கப்னு தனி ஃபோல்டர்."

தையல்காரர் தறித்த நூலை வாயிலிருந்து துப்பினார். "மாத்துச் சாவிய பத்திரமா வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டியாச்சு."

டீச்சரும் சிரித்தார், கண் கலங்கியிருந்தது. காது டிஸ்க்கைக் காதில் வைத்தார். கண்ணை மூடினார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இப்படிப்பட்ட டிஸ்க்கை ஒருமுறை சுழல விட்டால் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் மறுபடி எழும் என்று நிச்சயமில்லை. அதிலிருப்பதை முதல் ஓரத்திலிருந்து கடைசி ஓரம் வரை அப்படியே நல்ல டிஸ்க் ஒன்றுக்கு நகல் எடுக்க வேண்டும். நடுவில் டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே நகலை நிறுத்திவைத்து, அடங்கியதும் அந்த இடத்தைத் தாண்டிப் போக வேண்டும். ஒரு நிமிடம் அசந்தாலும் உள்ளே தட்டைப் படிக்கும் முள் அதையே கீறிவிடும். அதனால் பக்கத்தில் ஒரு காது இருந்தே ஆக வேண்டும்; இந்த ஊரில் அது ஒன்றுதான்.

டீச்சர் பள்ளிக்குப் போனார். காது கதவைச் சாத்தினார். ஃபேன் இரைச்சலில் டிக் கேட்காது, ஃபேனையும் நிறுத்தினார்.

"உன் மெஷினையும் கொஞ்சம் நிறுத்துப்பா."

"ஆபரேஷன் தியேட்டர் பக்கத்துல கடை போட்டது என் தப்பு" என்று தையல்காரர் கையால் பித்தான் தைக்க உட்கார்ந்தார்.

காதுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நகல் முழுவதும் முடியும் வரை உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க மாட்டார். ஆரம்ப காலத்தில் ஒருமுறை பாதியில் திறந்து, ஒரு வாடிக்கையாளரின் குடும்ப விவகாரம் கண்ணில் பட்டு, அதற்குப் பிறகு அந்த ஆளின் முகத்தைப் பார்க்க முடியாமல் திண்டாடியிருக்கிறார். அன்றிலிருந்து திரையில் எத்தனை சதவீதம் முடிந்தது என்ற எண்ணிக்கை மட்டும்தான்.

மதியத்துக்குள் பாதி வந்தது. அதன் பிறகுதான் டிஸ்க் முரண்டு பிடித்தது. டிக். நிறுத்தம். காத்திருப்பு. ஐம்பத்தொன்று. டிக். தலைக்கு மேலே யாரோ படியேறினால் டிக் போலவே கேட்டது. ஒவ்வொரு முறையும் அவர் கை பாய்ந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சிறுநீர் கழிக்கக்கூட எழவில்லை.

இரண்டரைக்கு மனைவி கூப்பிட்டார். ஒரு காதில் டிஸ்க், மறு காதில் மனைவி.

"கிளம்பிட்டீங்களா?"

"எழுபது ஆயிருச்சு. பாதியில விட முடியாதும்மா."

"நான் பாதியிலதானே நிக்கிறேன்."

மூன்றேகாலுக்கு மறுபடியும். "பெட்டி ரெண்டையும் நானே தூக்கிட்டு வந்துட்டேன். ஆட்டோ பிடிச்சா பத்து நிமிஷம்."

"எண்பத்தி ரெண்டு."

"நான் நம்பர் கேக்கலைங்க."

தையல்காரர் கதவை விரலளவு திறந்து எட்டிப் பார்த்தார். "காது, அதைப் பிடுங்கிப் போட்டுட்டுப் போய்யா. வந்த வரைக்கும் போதும்னு அந்த டீச்சர் பொண்ணே சொல்லும்."

"அந்தப் பிள்ளைங்களுக்குப் பாதிப் பாடத்தையா குடுக்குறது?"

கதவு சாத்திக்கொண்டது. நான்கு மணியானது. டிக். நிறுத்தம். நான்கு பத்தானது. கைப்பேசி அதன் பிறகு அடிக்கவில்லை.

நான்கே முக்காலுக்குத் தொண்ணூற்றாறில் டிஸ்க் ஒரு நீண்ட பெருமூச்சு விட்டு நின்றது. மறுபடி எழவில்லை. ஐந்து மணிக்கு டீச்சர் வந்தார். அப்போதுதான் காது நகலைத் திறந்தார். அறிவியல், வரலாறு, கணக்கு. டீச்சர் ஒவ்வொன்றாக ஓட்டிக் கேட்டார். அந்தச் சின்ன அறையில் அவர் குரலே தெளிவாகப் பாடம் நடத்தியது. ஒரு பாடம்கூட விட்டுப்போகவில்லை.

"அப்போ விட்டுப்போன நாலு சதவீதம் எதுல?" காது கேட்டார்.

டீச்சர் கடைசி ஃபோல்டரைத் திறந்தார். அதில்தான் ஓட்டைகள். சில பாடங்கள் திறக்கவே இல்லை. "இதுவா சார்? இது பேக்கப். இது போனா போகட்டும், அதான் எல்லாம் வந்துருச்சே."

காது திரையில் குறிப்புப் பட்டியலை மேலே தள்ளிப் பார்த்தார். பாடங்கள் இருந்த முதல் பாதி நகலாகி முடிந்த நேரம் அதில் பதிவாகியிருந்தது. பன்னிரண்டு ஏழு. அதற்குப் பிறகு நான்கரை மணி நேரத்துக்கு மேல் அவர் மல்லுக்கட்டியது ஏற்கெனவே கையில் இருந்தவற்றின் மறுபிரதியோடு. காலையில் டீச்சர் சொன்னதுதான். காது கேட்டதுதான்.

டீச்சர் பல முறை நன்றி சொல்லிவிட்டு, புது டிஸ்க்கைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு போனார். பிறகுதான் கைப்பேசி அடித்தது. பின்னால் பஸ் ஓடும் சத்தம்.

"அந்தப் பிள்ளைங்களோட பாடம் வந்துச்சா?"

"வந்துருச்சும்மா. எல்லாம்."

"நல்லது. பக்கத்து சீட்டுல பையை வச்சிருக்கேன்." பிறகு, "எப்ப முடிஞ்சுது?"

அவர் திரையைப் பார்த்தார்.

"இப்பதான்" என்றார்.

பக்கத்துக் கடையில் தையல் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. இனி ஃபேன் போடலாம், கதவைத் திறக்கலாம். அவர் மறுமுனையில் பஸ்ஸின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு, முழங்கால் மேசையில் இடிக்க, அப்படியே உட்கார்ந்திருந்தார்.