அங்கம்மாள் சொன்ன ஊர்

சேவுகம்பட்டியில் அங்கம்மாளின் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. வத்தலக்குண்டு சந்தையில் அவள் கத்தரிக்காய்க் கூடையை இறக்கினால், பக்கத்துக் கடைக்காரர்கள் தானாகவே தள்ளி உட்காருவார்கள். அடுத்த வீட்டுக்காரன் என்பதால் நானும் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த வாய் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் எழும்பாது. அது அவள் தம்பி நல்லுசாமி.

அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே பெற்றோர் அவளையும் தூக்கிக்கொண்டு தேயிலைத் தோட்ட வேலைக்குச் சிலோன் போய்விட்டார்கள். நல்லுசாமி அங்கேதான், கண்டிப் பக்கம் கூலிக்காரர்களின் வரிசை வீடான ஒரு லயத்தில் பிறந்தான். அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தது அக்காதான். பிறகு அவள் தாய்மாமன் மகனுக்கு வாழ்க்கைப்பட்டு ஊர் திரும்பினாள். அவன் அங்கேயே வளர்ந்து, முத்தாயியைக் கட்டி, ஒரு பெண் குழந்தைக்கும் தகப்பன் ஆனான். சேவுகம்பட்டியை அவன் கண்ணால் கண்டதில்லை.

இங்கே பங்காளிகளுக்கு அது தோதாகப் போயிற்று. "சிலோன்காரனுக்கு இங்க என்ன தலைக்கட்டு?" என்று அவன் பெயரில் கோயில் வரி வாங்க மறுத்தார்கள். வரி வாங்காவிட்டால் அந்தக் குடும்பம் ஊரிலேயே இல்லை என்று அர்த்தம். அங்கம்மாள் விடுவாளா? வருஷா வருஷம் திருவிழாவுக்குச் சாமி சாட்டும்போது மந்தையில் நின்று மல்லுக்கட்டுவாள். பங்காளிகள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஐம்பதுகளின் நடுவில் சிலோனில் சட்டத்தை இறுக்கினார்கள். அனுமதியில்லாமல் கரையேறினால் ஜெயில், ஜெயில் முடிந்ததும் கப்பல். கள்ளத்தோணியில் வந்தவர்களைப் பிடிக்கிறோம் என்று கூலிக்காரத் தமிழர்களை ரோட்டில் மறித்தார்கள். டவுனுக்குச் சாமான் வாங்கப் போன இடத்தில் நல்லுசாமி மாட்டினான். அங்கேயே பிறந்தவன் என்று சொன்னான். நிரூபி என்றார்கள். லயத்தில் பிறந்த பிள்ளையை எவன் பதிந்து வைத்தான்? பிறந்தவனே தான் பிறந்ததற்குச் சாட்சி தேட வேண்டுமாம், நல்ல சட்டம். பெற்றோரும் உயிரோடு இல்லை; சொந்தபந்தம் யார் என்று கேட்டதற்கு அக்காவின் பெயரைச் சொல்லியிருக்கிறான். விசாரணை இங்கே வந்தது.

தலையாரி மாயாண்டியோடு ஒரு அதிகாரி சைக்கிளில் வந்து இறங்கினார். என்ன விசாரணை, எதற்கு விசாரணை என்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. தெருவே கூடிவிட்டது. பங்காளிகளும் வந்து நின்றார்கள்.

"நல்லுசாமிங்கறது உன் தம்பியா?"

"ஆமாய்யா, கூடப் பொறந்தவன்."

"அவனுக்கு எந்த ஊரு?"

அங்கம்மாள் அதிகாரியைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை, பங்காளிகளைப் பார்த்துச் சொன்னாள். "இதென்னய்யா கேள்வி? இந்த ஊருதேன். எந்தம்பி இந்த ஊரு தலைக்கட்டு. எவனும் இல்லேன்னு சொல்லிற முடியாது."

நம்மவர்களுக்கு ஊர் என்றால் பிறந்த இடமா? குலசாமி இருக்கிற இடம். ரங்கூனில் பிறந்தவனைக் கேட்டாலும் பக்கத்துச் செம்பட்டி என்றுதான் சொல்வான். அது தெரியாதவர் மாதிரி அதிகாரி தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிள் ஏறினார். எங்கே பிறந்தான் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் குடியா முழுகிப் போயிருக்கும்? அன்றைக்கு அங்கம்மாளுக்கு ஏக சந்தோஷம். பங்காளிகள் வாயை அடைத்துவிட்டோம் என்று நினைத்தாள்.

ஜெயிலில் கிடந்துவிட்டு, அடுத்த வருஷம் நல்லுசாமி தனியாக வந்து சேர்ந்தான். முத்தாயியால் தோட்டத்து வேலையையும் படுக்கையில் கிடந்த தன் தாயையும் விட்டுவிட்டு வர முடியவில்லை. வெளியேற்றப்பட்டவன் திரும்பிப் போகவும் வழியில்லை. "ஒன் வார்த்தையத்தேன் தாயி அங்க கோர்ட்டுல பெருசா எடுத்துக்கிட்டாங்களாம்" என்று மாயாண்டி வந்து சொன்னார். அன்று அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

அந்த வருஷத்துச் சாமி கும்பிடுக்கே பங்காளிகள் நல்லுசாமியைத் தேடி வந்து வரி கேட்டார்கள். அங்கம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தம்பி சாப்பிடாமல் அவள் சாப்பிட்டதில்லை. அவன் தட்டில் வெஞ்சனத்தை அள்ளி வைப்பாள், முகத்தை மட்டும் பார்க்கமாட்டாள். "ஒரு குடும்பத்த ரெண்டா அறுத்த பாவி நானு" என்று என் மனைவி சோலையம்மாளிடம் அழுதிருக்கிறாள். தம்பியிடம் சொல்ல நா எழவில்லை. சொன்னால் வீட்டை விட்டுப் போய்விடுவான் என்று பயந்தாள். இப்படியே பத்து வருஷம் ஓடிற்று.

அந்தச் சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த ஒருவர், நல்லுசாமியின் மகளுக்கு ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே அவன் துணிப்பையைக் கட்டினான்.

"கோடியக்கரைப் பக்கம் தோணிக்காரங்க இருக்காங்களாம்க்கா. தாலி கட்டுறதப் பாத்துட்டு வந்துர்றேன்."

முதல் தடவை அநியாயமாக வந்த பேர், இந்தத் தடவை நிஜமாகவே கள்ளத்தோணி. மறுபடி பிடிபட்டால் வருஷக்கணக்கில் உள்ளே கிடக்க வேண்டும். அங்கம்மாள் வாசலை மறித்தாள். சத்தம் கேட்டு நானும் போனேன்.

"அப்பு, செத்த இரு. ஒன்னைய ஜெயிலுக்கு அனுப்புனதே நாந்தேன். அன்னைக்கு விசாரிக்க வந்தவருட்ட இந்த ஊருன்னு சொன்னது நாந்தேன்."

"தெரியும்க்கா" என்றான் நல்லுசாமி. "கோர்ட்டுல வாசிச்சாங்க. ஒங்க அக்கா சொன்னது பொய்யான்னு ஜட்ஜு கேட்டாரு. ஆமான்னு சொல்லியிருந்தா விட்டுருப்பாங்களோ என்னமோ. அம்புட்டுப் பேருக்கு முன்னால ஒன்னையப் பொய்க்காரின்னு எப்படிக்கா சொல்ல? எங்கக்கா பொய் பேசாதுன்னுட்டேன்."

அங்கம்மாள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இப்பயும் நீயே சொல்லுக்கா. போன்னா போறேன். வேணாம்னா இருக்கேன்."

போ என்றால் மறுபடி ஜெயிலுக்கு அவளே அனுப்புகிற மாதிரி. இரு என்றால் மகளின் கல்யாணத்தை அவளே பறிக்கிற மாதிரி. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நல்லுசாமி பையைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினான்.

கல்யாணத்தன்று காலையில் இரண்டு பேரும் கத்தரித் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறியதும் அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தான்.

"இந்நேரம் தாலி கட்டியிருப்பாங்கல்லக்கா?"

"கட்டியிருப்பாங்க அப்பு" என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டு அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பினான்.