சர்வரை ருசி பார்த்தவர்

குடும்பப் படங்களை வீட்டு சர்வரில் மூன்று டிஸ்க்குகளில் வைத்திருந்தேன். ஒன்று செத்தால் மீட்டெடுக்க, நான்காவதாக ஒரு பாரிட்டி டிஸ்க். அதைச் சரிபார்க்கும்போதெல்லாம் பிழை காட்டியதால் ஒருவரை வரவழைத்தேன். துறைமுகத்தில் சர்வர் பார்ப்பவராம். ஞாயிற்றுக்கிழமையும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. பெட்டியின் முதுகை விரலால் தடவி நாக்கில் வைத்தார்.

“உப்புக்காத்து அண்ணாச்சி.”

“தம்பி, ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல பிழை வருது. ரேம் மெமரியை டெஸ்ட் பண்ணிப் பாப்பமா?”

“ஹார்பர் சர்வரையே நாந்தான் பாக்குதேன். எனக்கே சொல்லித் தாரீயளா?”

பெட்டியைத் துணியால் துடைத்தார். பிழைகளையெல்லாம் திருத்தி எழுதச் சொல்லி ஒரு பொத்தானை அமுக்கினார். கோளாறு மெமரியில்தான் இருந்தது. ஒழுங்காக இருந்த பாரிட்டியின் மேலேயே தப்பை எழுதவிட்டுப் போனார் மனிதர்.

அடுத்த மாதம் ஒரு டிஸ்க் செத்தது. மீட்டெடுத்தபோது, மகள் தேவாலயத்தில் புதுநன்மை வாங்கிய படத்தில் பாதி முகம் சாம்பல் பட்டையாக வந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஏமாற்றுக்காரராக இருந்தால் திருதிருவென்று முழித்திருப்பார். அந்த மட்டுக்காவது மதித்திருப்பேன். அவரோ திரையில் அந்தச் சாம்பலை விரலால் தடவி, நாக்கில் வைத்து, கண்ணை மூடி யோசித்தார்.

“உப்புதான் அண்ணாச்சி.”