நின்றபடி டிக்கெட் கொடுத்தவள்

பேருந்து நிலைய முன்பதிவு கவுண்டரில் நாற்காலி இருந்தும் அவள் நின்றுகொண்டேதான் டிக்கெட் கொடுத்தாள். "உன் நாற்காலிய யாருக்குடி ரிசர்வ் பண்ணி வெச்சிருக்க?" என்று பக்கத்துக் கவுண்டர்காரி கேலி செய்வாள். இவளும் சிரித்துவைப்பாள். உட்கார்ந்தால் அந்தரங்க இடத்தில் கங்கு வைத்ததுபோல் எரிகிறது என்பதை எந்த வாயால் சொல்வது?

ஒன்றரை வருடமாக இதே பாடு. மருந்துக்கடைக்காரர் பூஞ்சைத் தொற்று என்று களிம்பு கொடுப்பார். நாலு நாள் அடங்கினாற்போல் இருந்து மறுபடி எரியும். கணவர் பக்கத்தில் வந்தால் தலைவலி என்று திரும்பிப் படுத்துக்கொள்வாள். சொன்னால் தன்னை என்ன நினைப்பாரோ என்று பயம்.

கடைசியில் பெரிய மருத்துவமனைக்குப் போனாள். டாக்டரம்மா மூன்று முறை பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துப் பார்த்தார்.

"பூஞ்சையே இல்லம்மா. நரம்புதான் வலி வலின்னு கத்துது. டிரைசைக்ளிக்னு பழைய ரக மாத்திரை, மனச்சோர்வுக்குக் குடுக்கறது. இந்த வலிக்கும் கேக்குதான்னு ஆராய்ச்சி பண்றோம். சேர்றீங்களா? பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரைதான் போகும். யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது."

"எனக்குப் பைத்தியம்னு சொல்றீங்களா டாக்டர்?"

"சேச்சே! உங்க வலி நெஜம்."

கையெழுத்துப் போட்டுவிட்டாள். மாத்திரை அட்டையைக் கைப்பையின் கிழிந்த உள்துணிக்குள் ஒளித்து வைத்தாள். இரண்டாம் நாளே நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டியது. காலையில் தலை பாறாங்கல்லாய்க் கனத்தது. புத்தி மழுங்குகிறதோ என்று பயந்து, பஸ் நேரங்களை முதலிலிருந்து கடைசிவரை மனசுக்குள் ஒப்பித்துப் பார்ப்பாள்.

மூன்றாம் வாரம் கணவர் அந்த அட்டையோடு சமையலறை வாசலில் நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"உன் பையத் துழாவினது தப்புதான். ஆஸ்பத்திரிச் சீட்டப் பாத்ததுலேர்ந்து சோறு எறங்கல. புத்துநோயா? மறைக்காம சொல்லு."

தன் நடத்தையைச் சந்தேகப்படுவாரோ என்று இவள் நடுங்க, செத்துப்போவாளோ என்று அவர் நடுங்கியிருக்கிறார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அடிப்பாவி! இதச் சொல்லவா ஒன்றர வருஷம்?" என்றவர் அட்டையை அவள் கையில் வைத்தார்.

மூன்று மாதத்தில் எரிச்சல் பாதியாகக் குறைந்தது. மாத்திரையாலா, மனசுவிட்டுப் பேசியதாலா, ஆராய்ச்சி முடியும்வரை யாரும் சொல்ல முடியாது. திரும்பி வந்துவிடுமோ என்ற பயம் அவளை விடவில்லை. அடுத்த பரிசோதனைக்கு அவரும் வந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போனாள். வெளியே பெஞ்சில் அவர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.