தல்லாகுளத்து வாஷ்பேசின் மக்கு

குழாய் வேலையில புதுசா மாட்டுறது சுளுவு. முன்னால பூசின பழைய மக்கைச் சுரண்டி எடுக்கிறதுதான் உசிர் போற வேலை. சாக் பவுடரையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைஞ்சு வாஷ்பேசின் ஓரத்துல அடைச்சது, ஏழெட்டு வருசத்துல கருங்கல்லாயிரும். மண்ணெண்ணெய்த் துணியைப் போட்டு ஊறவச்சு, உளியால நோகாமத் தட்டணும். கை கொப்பளிச்ச நம்ம தொழில் சகோதரங்களுக்கு நான் சொல்லியா தெரியணும்?

கோரிப்பாளையத்துக் கட்டி

எழுபதுகள்ல, கோரிப்பாளையத்துல ஒரு பாய் வீடு. மக்கைப் பேத்தா அதுக்கடியில சிமெண்டு, அதுக்கடியில தாரு, அதுக்கடியில சோப்புக்கட்டி, கடைசியில கிழிஞ்ச லுங்கி! அடக் கடவுளேன்னு உக்காந்துட்டேன். லுங்கியை உருவினதும் தண்ணி என் மூஞ்சியில அடிச்சுச்சு. வீட்டுப் பெரியவர் கோவமாயிட்டாரு. “இம்புட்டு வருசமா ஒரு சொட்டு ஒழுகல தம்பி, நீங்க கை வச்சப்புறம்தான் ஒழுகுது!”

பூரி மாவு பிசைஞ்ச கை

தல்லாகுளத்துல ஒரு வாத்தியார் வீட்டுக்கு வாஷ்பேசின் மாட்டப் போனேன். நான் மக்குப் பிசையுறதை வாத்தியார் சம்சாரத்தால பாக்கவே முடியல. “தள்ளுங்க, பூரி மாவு பிசைஞ்ச கை இது”ன்னு வாங்கி, வெண்ணெயாட்டம் பிசைஞ்சு குடுத்தாங்க. நானும் கை கையா அள்ளிச் செவுத்துச் சந்துல அமுக்கிட்டேன்.

கொஞ்ச நேரத்துல அந்தம்மா அலறுனாங்க. விரல்ல மோதிரத்தைக் காணோம். பின்கட்டுல பாத்திரம் தேய்ச்சுக்கிட்டிருந்த பாண்டியம்மாவைக் கூப்பிட்டு முந்தானையை உதறச் சொன்னாங்க. காலையில இருந்து அது உள்ள காலே வைக்கலன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா வாயைத் தொறந்தா அடுத்து என் பையைக் கொட்டச் சொல்லுவாகளேன்னு பயம். ஊமையா நின்னேன். அந்தம்மா வாசலைக் காட்டினாங்க. “களவாணி! இனிமே இந்தத் தெருப்பக்கமே வரப்படாது!”

உளி பட்ட இடம்

ஏழு வருசம் கழிச்சு அதே வீடு, அதே வாஷ்பேசின். விரிசல் விட்டுருச்சு, கழட்டணும். மக்கை ஒரு தட்டுத் தட்டினேன். பாதிக் கட்டி விழுந்துச்சு. உள்ள மஞ்சளா மினுக்குச்சு. தூக்கிவாரிப் போட்டுருச்சு எனக்கு! மோதிரம்! அந்தம்மாவோட எண்ணெய்க் கையில வழுக்கி மக்குக்குள்ள போயிருக்கு, நானே அமுக்கியிருக்கேன். என் கட்டைவிரல் தடம் மக்குமேல அப்படியே இருந்துச்சு.

அந்தம்மா முகம் வெளுத்துருச்சு. மோதிரத்தை முந்தானையில முடிஞ்சுக்கிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாங்க: “வாத்தியாருக்குத் தெரிய வேணாம். அவதான் ஊரை விட்டே போயிட்டாளே, இனிமே சொல்லி என்ன ஆகப்போகுது?”

பாவி மனுசி!

திருமங்கலம்

மோதிரம் பதிஞ்ச வட்டத் தடம் இருந்த மக்குக்கட்டியைப் பேப்பர்ல சுத்திக்கிட்டு, பாண்டியம்மா எங்க இருக்குன்னு தெருவுல விசாரிச்சு, மறுநாளே திருமங்கலத்துக்கு பஸ் ஏறினேன். அது அங்க சந்தையில கீரை வித்துக்கிட்டிருந்துச்சு. களவாணின்னு பேர் பரவினப்புறம் மதுரையில எந்த வீட்டுலயும் வாசப்படி ஏத்தலையாம். நான் எல்லாத்தையும் கொட்டினேன், பயந்துக்கிட்டு நின்னதையும் சேத்து. வெக்கத்துல நிமிந்து பாக்க முடியல.

பாண்டியம்மா அழுகல, ஏசவும் இல்ல. கட்டியைத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு, வட்டத்துல விரலை வச்சுப் பாத்துச்சு. பிறகு கேட்டுச்சு: “மோதிரம் செவுத்துக்குள்ள இருந்துச்சு, சரிண்ணே. உங்க வாய் எங்க இருந்துச்சு?”

அன்னையிலிருந்து எந்த வீட்டுல மக்குப் பிசைஞ்சாலும், வீட்டம்மா கிட்ட வர்றதுக்கு முந்தியே “மோதிரத்தைக் கழட்டிட்டு வாங்கம்மா”ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துறேன், ஏழு வருசம் பிந்தித் தொறந்த வாயாச்சே!